ரோசியின் தாடிக்கு ஓர் இன்டென்ட்

மகப்பேறு விடுப்பு முடிந்து பெண்கள் பிளாக்கில் வார்டராகத் திரும்பிய முதல் நாளே, ஒரு தாடிக்காக இன்டென்ட், அதாவது ஸ்டோரில் பொருள் கேட்கும் படிவம், எழுத வேண்டியிருந்தது.

கேட்டவள் ரோசி. கோலார் தங்கவயலில் பாலகாட் பகுதித் திருநங்கை, ஒரு கைகலப்பு வழக்கில் விசாரணைக் கைதி. பெண்கள் பிளாக்கில் பிளேடு கூடாது. பார்பர் ஆண்கள் பிளாக்குக்கு மட்டும்தான் வருவார். பத்து நாளில் ரோசிக்குத் தாடி முளைத்துவிட்டது. மறுநாள் அவள் அம்மா பார்க்க வருகிறார், ஆறு வருஷத்துக்குப் பிறகு.

"இந்த மூஞ்சோட போய் நின்னா, 'நான் அப்பவே சொன்னேன்'னும் அம்மா. நான் போவல மேடம்."

ஆண்கள் பிளாக்கில் பார்பரிடம் உட்காரலாமே என்றேன். ரோசி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அங்க தாடிய மட்டும் எடுத்துட்டு என்ன வுட்டுடுவாங்களா மேடம்?"

அதே தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் வீட்டிலிருந்து ரயிலில் வேலைக்கு வரும்போது இதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடும்.

இன்டென்டில் காரணம் கேட்ட இடத்தில் 'சுகாதாரம்' என்று எழுதி அடித்தேன். 'தனிப்பட்டது' என்று எழுதி அதையும் அடித்தேன். ஜெயிலர் சார் வாங்கிப் பார்த்தார். "பொம்பளைங்க பிளாக்குக்கு ஷேவிங் செட்டா? கொழந்த தூங்க விடலையாம்மா? போய் டீ குடிங்க."

வழி சொன்னது சாந்தி. பியூட்டி பார்லர் வைத்திருந்த கைதி. முடியைச் சுற்றிப் பிடுங்க நூல் போதுமாம். தையல் கூடத்து நூல் இழுத்ததும் அறுந்தது. மகளின் கவுனுக்குப் பட்டன் தைக்க வாங்கிய நூல்கண்டு என் பையில் இருந்தது. தடைசெய்த பொருள்களின் பட்டியலை இரண்டு முறை படித்தேன். நூல் இல்லை. மூன்றாம் முறை படித்தால் வந்துவிடுமோ என்று மூடிவைத்தேன்.

முதல் இழுப்பில் ரோசி போட்ட சத்தத்துக்கு, கலவரம் என்று நினைத்து இரண்டு பெண் வார்டர்கள் லத்தியோடு ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருத்தி தன் புருவத்தைக் காட்டி, இதையும் பாரு என்றாள்.

மறுநாள் கம்பிவலைக்கு முன்னால் ரோசி தலைகுனிந்து நின்றாள். தாடி இல்லை. கன்னம் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எம் பொண்ண இன்னாத்துக்கு அடிச்ச?"

ரோசி சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். நான் இல்லைம்மா, இல்லைம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றே புது இன்டென்ட் எழுதினேன். காரணம்: 'அடுத்த வாரமும் அம்மா வருகிறார்.' அடித்தல் எதுவும் இல்லை. ஜெயிலர் சார் இரண்டு முறை படித்தார். பேட்டரி டிரிம்மருக்குக் கையெழுத்துப் போட்டார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு: காரணத்தைக் கைதியிடமே கேளுங்கள், சொன்னதை அப்படியே எழுதுங்கள். நூல்கண்டை மட்டும் பெண்கள் பிளாக்கில் கொடுத்துவிடாதீர்கள், திரும்பி வராது. என் மகளின் கவுனுக்கு இன்னும் ஊக்குதான்.