கடற்காகங்களுக்குக் கையால் ஊட்டிய குபூஸ்

பர் துபாயில், க்ரீக் என்கிற கடற்கழியின் கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் ஃப்ளாட். என் கணவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேஷன் வேலை பார்த்தார். சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, கோயம்புத்தூரில் அவருடைய அக்காவின் சிறுநீரகம் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டு திரும்பி வந்த பிறகு, எதைத் தொட்டாலும் கூடாது என்றாகிவிட்டது. கடைச் சாப்பாடு கூடாது, கூட்டம் கூடாது, வெட்டி வைத்த பழம் கூடாது. அடுத்தவர் உறுப்பை உடம்பு நிராகரித்துவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவைக்கும் மாத்திரைகளைக் காலையும் மாலையும் விழுங்கினார். நான் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன், கீரையை உப்பு நீரில் அலசினேன், வீட்டுக்கு வருபவர்கள் தும்மினால் கோபப்பட்டேன்.

அவருக்கென்று மிஞ்சியது மாலை நடை மட்டும்தான். குளிர்காலம் தொடங்கியதும் வடக்கே எங்கிருந்தோ வெள்ளைக் கடற்காகங்கள் வந்து இறங்கிவிடும். அப்ரா படகுத்துறைக்குப் பக்கத்தில், கம்பித் தடுப்பின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வருகிற போகிறவர்கள் எல்லோரும் சிப்ஸ், ரொட்டி என்று ஏதாவது வீசுவார்கள். இவர் வீட்டில் மிஞ்சிய குபூஸ் ரொட்டியை எடுத்துப் போவார். வீசமாட்டார், ஒரு துண்டைப் பிய்த்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஏதாவது ஒன்று தாழப் பறந்து வந்து விரலிலிருந்தே கொத்திக்கொண்டு போகும். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அங்கேதான். நாய், பூனை வளர்க்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் இரண்டுமே இல்லை.

ஜனவரியில் ஒரு நாள் வயிறு சரியில்லை என்று ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்து படுத்தார். மறுநாள் காய்ச்சல் வந்தது. அதற்கு அடுத்த நாள், கட்டில் கால் ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம். ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனோம். ரத்தத்தில் சால்மோனெல்லா என்ற கிருமி கலந்துவிட்டது என்றார்கள். வழக்கமாகக் கொடுக்கும் மருந்து எதற்கும் அது கட்டுப்படவில்லை.

டாக்டர் தமிழர். என்ன சாப்பிட்டார், எங்கே போனார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். முட்டை, கோழி, பால் எல்லாம் கேட்டுவிட்டு, வீட்டில் கிளி, புறா உண்டா என்றார். அப்போதுதான் நான் க்ரீக் கரையைப் பற்றிச் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, அந்தப் பறவைகள் குப்பைமேட்டிலும் சாக்கடை வந்து விழுகிற இடங்களிலும் மேய்ந்துவிட்டு வருகின்றன, மனிதர்களும் பண்ணைக் கோழிகளும் தின்று தீர்த்த மருந்துகளை எதிர்த்து வளர்ந்த கிருமிகள் அவற்றின் குடலில் இருக்கலாம், எச்சம் விழுந்த கம்பியைத் தொட்ட கை வாய்க்குப் போனால் போதும் என்று விளக்கினார். பறவைக்கு ஒன்றும் ஆகாதாம். நல்ல உடம்புக்காரர்களுக்கும் பெரும்பாலும் இரண்டு நாள் பேதியோடு போய்விடுமாம்.

படுத்திருந்த என் கணவர் கண்ணைத் திறந்தார். "அவ்வளவு வெள்ளையா, சுத்தமா இருக்குமே டாக்டர்."

"குப்பையில தின்னுட்டு கடல்ல குளிச்சிட்டு வந்து உக்காருது சார். வெள்ளையாத்தான் இருக்கும்."

அதுதான் காரணம் என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார். ஒரு முட்டையில் இருந்தும் வந்திருக்கலாம். பறவைகளைப் பிடித்துச் சோதித்துப் பார்க்கப்போகிறவர்கள் யாரும் இல்லை.

கிருமியை அடக்க வேண்டுமானால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைக் குறைத்தாக வேண்டும். குறைத்தார்கள். கிருமிக்கு வேலை செய்யும் என்று கடைசியாகக் கண்ட மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்து. வேறு வழியில்லாமல் அதையும் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. சிறுநீர் நின்றுபோனது. பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிட்டது என்று ஒரு மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அவருடைய அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். நான் அண்ணி என்று கூப்பிடும் அவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அவன் இருக்கானில்ல?" என்று கேட்டார்.

"இருக்காருங்க அண்ணி."

"எதனால வந்துச்சாம்?"

"பறவைகிட்ட இருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க."

"கோழியா?"

"இல்லைங்க அண்ணி. கடலோரமா இருக்குமே, வெள்ளையா. அது."

 வயலில் ஆள் வந்திருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் மறுபடி கூப்பிடவில்லை.

மார்ச்சில் மீனா பஜாருக்குக் காய்கறி வாங்கப் போனபோது கரையோரமாக நடந்தேன். ஒரு தமிழ்க் குடும்பம் நின்றிருந்தது. சின்னப் பெண் ஒருத்தி ரொட்டித் துண்டோடு கையை நீட்டிக்கொண்டிருந்தாள். என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அவள் அம்மாவிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"எல்லாரும் போடறாங்களே, அக்கா. நாங்க சானிடைசர் வச்சிருக்கோம்" என்றார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்றுதான் டாக்டரும் சொல்லியிருப்பார். பக்கத்தில் கம்பி நெடுகிலும் எச்சம் காய்ந்து கிடந்தது, அதன் மேல் ஒரு ஆள் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஷவர்மா தின்றுகொண்டிருந்தார். எத்தனை பேரிடம் போய்ச் சொல்வது? கூரைத் தண்ணீர்த் தொட்டி மேலும் விளையாட்டு மைதானத்திலும் அந்தப் பறவைகள் உட்காரத்தான் செய்கின்றன. நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கிருமி பித்தப்பையில் ஒளிந்திருக்கலாம் என்கிறார்கள். ஏப்ரலில் ஒருமுறை திரும்பியும் வந்தது. அது முழுதாகப் போகாமல் இன்னொரு சிறுநீரகம் வைக்க முடியாது. போகும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கம்பெனியில் முடிந்தவரை பொறுத்துப் பார்த்தார்கள். இந்த மாதத்தோடு வேலை முடிகிறது, அதோடு விசாவும் இன்சூரன்ஸும் போய்விடும்.

அடுத்த மாதம் ஊருக்குக் கிளம்புகிறோம். அண்ணி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டயாலிசிஸ் சென்டர் இருக்கிறதாம். அங்கேயும் வாரம் மூன்று முறைதான்.