அம்மா யார் என்று கேட்டார்கள்

எங்கள் மூலக்குளம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் அன்று காலை ஏழு மணிக்கே கேட்டைத் தட்டினாள். கூடவே பிளஸ் ஒன் படிக்கும் அவளுடைய மகள். அந்தப் பிள்ளை நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. "நான் இருக்க வேணாம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கார் சாவியைத் தேடி ஓடினேன்.

அவள் என்னைத் தடுத்தாள். "அக்கா, உங்க பொண்ணோட நல்ல சுடிதார் ஒண்ணு குடுங்க. இஸ்திரி போட்டதா இருக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப என்ன, பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்று கத்திவிட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

அவள் கோபப்படவில்லை. "முந்தாநாள் இவள ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேங்க்கா, போட்டுனு இருந்த நைட்டியோட. பத்து மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் பெஞ்சில உக்கார வெச்சாங்க. அப்புறம் லவ் மேட்டரா, ரெண்டு அறை வெச்சா சரியாப்பூடும்னு சொல்லி சத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. போன வருஷம் உங்க பொண்ணுக்குப் பரீட்சை பயத்துல மூச்சு வாங்குச்சே, அதே ஆஸ்பத்திரிதான? பத்து நிமிஷத்துல டாக்டர் வந்தாரு. நான்தான பிளாஸ்க் எடுத்துனு கூட நின்னேன். ரெண்டு பேருக்கும் என்னா வித்தியாசம்னு நேத்தெல்லாம் யோசிச்சேன். துணிதாங்க்கா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பத்து நிமிடத்தை எங்களுடைய நல்ல நேரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளையார் கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன். பீரோவைத் திறந்து, இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வழியெல்லாம் அவள் பின்சீட்டில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவசரப் பிரிவில் நர்ஸ் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீங்க அம்மாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "ஆமாங்க, அவங்கதான். நான் வீட்ல வேல செய்றவ."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர் அறையின் கதவு உடனே திறந்தது. "வேலைக்காரம்மா வெளிய இருங்க" என்றார் நர்ஸ். அவள் தலையாட்டிவிட்டு வெளியே நின்றாள்.

டாக்டர் சின்ன வயசு. நல்ல மனிதர், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கக் கூடாதா? அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டார். முந்தாநாள் நான்கு மணி நேரத்தில் யாரும் கேட்காத கேள்வி. பிள்ளை "ஆமா" என்றது. சொன்ன பிறகு தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன்.

"தனியா விட மாட்டோம். இன்னிக்கே இங்க தங்கிடலாம்" என்றார். "கூட யாரு இருக்கணும், அம்மாவா?"

பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. கதவைக் காட்டியது. "வெளிய நிக்கிறாங்களே, அவங்க."

"வேலை செய்றவங்களா?"

பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அவங்கதான் சார் இவளோட அம்மா" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க்கா சொன்னீங்க? பெட்டு குடுத்தப்புறம் சொல்லியிருக்கலாமில்ல? இப்ப திருப்பி அனுப்பிடுவாங்களே!"

"உள்ள வாங்கம்மா" என்று டாக்டர் கூப்பிட்டார்.

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, அவள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.