மலைவீட்டில் வெந்த ஆப்பிள் ரொட்டி

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்காக மலையேறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இந்த மலரில் அம்மாவைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் கொடுத்தார். அழ வைக்கும்படி எழுதாதே, அம்மாவுக்கு அது பிடிக்காது என்றும் சொல்லிவிட்டார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்கு அப்படி எழுத வராது. அம்மா இல்லை என்ற துக்கம் எங்களுக்கு இருக்கிறது. ஆனால் எழுபதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில், அவரை இழந்துவிட்டோம் என்றே நாங்கள் ஒருமுறை நினைத்தோம். அதற்குப் பின் அவர் எங்களோடு இருந்த காலம் முழுவதும் எங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அதை நினைக்கும்போது நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போலத்தான் இருக்கிறது.

அம்மா பிறந்தது ஒடுகத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூரில், வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில். திருமணமாகித் திருப்பத்தூர் வந்தார். அப்பா அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அண்ணன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு விவரம் தெரியாத வயதில், அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அன்றிலிருந்து அம்மா கறி, மீன், முட்டை எதையும் தொடவில்லை. யாரும் விடச் சொல்லவில்லை, அவராகவே விட்டார். பகலில் கடலை மண்டியில் தோல் உரிக்கப் போவார். காலையில் வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்பார். கடலைத் தோல் உரித்து உரித்து அவருடைய கட்டைவிரல் நகங்கள் கடைசிவரை மழுங்கியே இருந்தன. எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடம் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அண்ணனுக்குச் சோவியத் நாட்டில் மருத்துவம் படிக்க உதவித்தொகையோடு இடம் கிடைத்தபோது சொந்தக்காரர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். போனால் பிள்ளை திரும்பி வரமாட்டான் என்றார்கள். அம்மா அனுப்பினார். அண்ணன் திரும்பி வந்தார், ஆனால் தனியாக வரவில்லை. கூட அந்த நாட்டுப் பெண்ணான அண்ணியும் வந்தார்.

அம்மா சத்தம் போடவில்லை. வாசலில் ஆரத்தி எடுத்துத்தான் இருவரையும் உள்ளே அழைத்தார். பிறகு அண்ணனுக்கு ஜவ்வாது மலையில் அரசு மருத்துவர் வேலை கிடைத்து, எல்லோரும் மலைக்கு வந்தோம். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நேரம் அது. மலைக்கு வந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அம்மா அண்ணியிடம் நேரடியாக ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. எதுவானாலும் என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்பார். அண்ணி சமைத்த எதையும் சாப்பிடுவதும் இல்லை. அடுப்பு அண்ணியின் கைக்குப் போன நாட்களில் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். அண்ணி தன் ஊர்ப் பாத்திரங்களில் முட்டையும் கறியும் சமைத்திருப்பார், அந்தக் கை பட்டது வேண்டாம் என்பது அம்மாவின் எண்ணம். அண்ணிக்கு அது புரிந்தது. அண்ணன் கற்றுக்கொடுத்த புத்தகத் தமிழில், "அத்தை இன்றும் உண்ணவில்லை" என்று என்னிடம் வந்து சொல்வார்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. அண்ணனே மருந்து கொடுத்தார். காய்ச்சல் வாரக்கணக்கில் நீடித்தது. மெல்ல இறங்கியபோது அம்மா பாயோடு பாயாக ஒட்டிக் கிடந்தார். ஒடுகத்தூரிலிருந்து பெரியம்மா வந்து கூடவே தங்கித் தங்கைக்குப் பணிவிடை செய்தார். காய்ச்சல் விட்ட பிறகு வந்த சிக்கல்தான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. அம்மா சாப்பிட மறுத்தார். கஞ்சியைக் கண்டாலே குமட்டியது. எதை வாயருகே கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று அண்ணன் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நம் பக்கத்தில் என்ன கொண்டுவருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ரொட்டியும் ஆப்பிளும். திருப்பத்தூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்தது எல்லாம் அலமாரியில் குவிந்தது. மலையில் சாமையும் தேனும் வாங்க வரும் வாணியம்பாடி பாய் ஒரு கூடை ஆப்பிளையே இறக்கிவிட்டுப் போனார். அம்மா ஒன்றையும் தொடவில்லை. ரொட்டி காய்ந்து கட்டையாகிவிட்டது. அதை ஆட்டுக்குப் போட்டுவிடும்படி பெரியம்மா என்னிடம் சொன்னார்.

நான் எடுத்துக்கொண்டு போகும்போது அண்ணி வழியில் நின்று வாங்கிக்கொண்டார். அண்ணி பிறந்தது வோல்கா ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறிய ஊரில், போர் நடந்த காலத்தில். ஒரு துண்டு ரொட்டியை அவருடைய அம்மா நூல் வைத்து அறுத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்ட கதையை எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். காய்ந்த ரொட்டியையும் ஆப்பிளையும் சேர்த்து அவர்கள் ஊரில் ஓர் இனிப்புப் பண்டம் செய்வார்களாம். அதன் பெயர் ஷர்லோத்கா. ரொட்டி வீணாகக் கூடாது என்று பெண்கள் வீட்டில் செய்வது. "இது மென்மையான உணவு. அத்தை உண்ணலாம் அல்லவா?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் யோசித்துவிட்டு, உள்ளே வெந்த குழைவான பகுதியை மட்டும் கொஞ்சம் கொடுக்கலாம், முறுகலான ஓரத்தைக் கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாது என்றார். டைபாய்டில் குடல் புண்ணாகியிருக்கும், கடினமானது போனால் ஓட்டை விழுந்துவிடும் என்று விளக்கினார்.

அவர்கள் ஊரில் அதற்கு முட்டை சேர்ப்பதும் உண்டாம். அண்ணி முட்டையைத் தவிர்த்தார். அதோடு நிற்கவில்லை. தன் ஊர்ப் பாத்திரம் எதையும் எடுக்காமல், அம்மாவின் அடிகனமான குண்டானை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ரொட்டியைத் துண்டு போட்டு, சர்க்கரை கலந்த பாலில் நனைத்து, நெய் தடவிய குண்டானின் அடியிலும் சுற்றிலும் அடுக்கினார். ஆப்பிளைத் தோல் சீவி மெல்லியதாக அரிந்து, சர்க்கரையும் பொடித்த பட்டையும் பிசறி நடுவில் நிரப்பினார். மேலே மறுபடி ரொட்டி, அதற்குமேல் நெய். வீட்டில் ரொட்டி சுடும் ஓவன் அடுப்பு கிடையாது. இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் குண்டானை வைத்து மூடினார். விறகடுப்பு அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. சற்று நேரத்தில் லேசாகத் தீயும் வாசனை வந்தது. மேல்பக்கமோ இன்னும் ஈரமாகவே இருந்தது. அண்ணி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகத் தவித்தார்.

சமையலறைக்கு நேர் எதிரே கட்டிலில் கிடந்த அம்மா பேசினார்.

"அடி புடிக்குது பாரு. கீழ நெருப்ப இழுத்துட்டு, கொட்டாங்கச்சித் தணல மூடி மேல போடு."

நான் வழக்கம்போல அதை அண்ணியிடம் சொல்லத் திரும்பினேன். தேவைப்படவில்லை. அம்மா அண்ணியைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தார். அண்ணி விறகை வெளியே இழுத்து, தணலை மூடியின் மேல் பரப்பினார். "பொறு. இன்னும் தொறக்காத" என்றார் அம்மா. அண்ணியும் பொறுத்திருந்தார். திறந்தபோது ஆப்பிளும் பட்டையும் நெய்யும் சேர்ந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. மேலே பொன்னிறமாக முறுகியிருந்தது.

அண்ணன் சொன்னபடி நடுப்பகுதியிலிருந்து குழைவாக எடுத்து, ஆறவைத்து, கரண்டியால் அண்ணியே ஊட்டினார். அம்மா வாயைத் திறந்தார். கொஞ்சம்தான் சாப்பிட்டார். ஆனால் குமட்டவில்லை. நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாய்விட்டுச் சிரிக்கப் பயமாக இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டதும் தண்ணீர் எடுக்க இருவரும் கிணற்றுக்குப் போனோம். பெரியம்மா பக்கத்து அறையில் அசந்திருந்தார்.

பிற்பகலில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. மருத்துவமனையிலிருந்து அண்ணன் ஓடிவந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குடலில் ஓட்டை விழுந்திருந்தால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது, உடனே திருப்பத்தூர் போக வேண்டும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை.

"எந்தங்கச்சிக்கு ஒண்ணு ஆச்சின்னா, இந்தப் பொண்ணு இந்த வூட்ல இருக்கக் கூடாது. அவங்க ஊருக்கே அனுப்பிடு. சொல்லிட்டேன்."

அண்ணிக்கு அந்தத் தமிழ் முழுவதும் புரிந்தது. அவர் அம்மாவுக்குப் போர்வையை எடுத்துவந்தார்.

நல்லவேளையாகப் பாய் அன்று மலையில் இருந்தார். மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டுத் தன் ஜீப்பைக் கொடுத்து, தானே ஓட்டினார். மழையில் வழியில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அம்மா படுத்திருப்பதைப் பார்த்ததும் பக்கத்துக் கொல்லைகளில் வேலை செய்துகொண்டிருந்த மலைக்காரர்கள் கொடுவாளோடு ஓடிவந்து கிளைகளை வெட்டித் தள்ளினார்கள். அண்ணனிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் அவர்களில் பலர். அண்ணி ஜீப்பின் தரையில் உட்கார்ந்து, குலுங்காதபடி அம்மாவின் கால்களை மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். வளைவு ஒன்றில் என் காதருகே, "அத்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் நானே போய்விடுவேன். யாரும் அனுப்ப வேண்டாம்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திருப்பத்தூரில் வயதான மருத்துவர் ஒருவர் அம்மாவை வெகுநேரம் சோதித்தார். வயிறு கல்லாக இறுகவில்லை, ஓட்டை விழுந்ததாகத் தெரியவில்லை என்றார். பிறகு காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று அம்மாவையே கேட்டார். பெரியம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு குடுத்தது நாலு வாய்கூட இல்லீங்க. இது கெணத்துக்குப் போனப்ப நான்தாங்க எந்திரிச்சிப் போய் குண்டான வழிச்சித் துன்னுட்டேன். ஓரத்துல முறுகலா இருந்துச்சி, அதயும் வுடல. இது மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அம்மாவால் எழுந்து நடக்க முடியும் என்றே நாங்கள் நினைத்திருக்கவில்லை. மருத்துவர்தான் முதலில் சிரித்தார். "வெறும் வயித்துல அவ்ளோ போனா வலிக்கத்தாம்மா செய்யும். எந்திரிச்சிப் போய்த் துன்ற அளவுக்கு ஆயிட்டீங்க, இனிமே பயமில்ல" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள்வரை வைத்துப் பார்த்தார்கள். வலி தானாகவே அடங்கியது. அண்ணன் சுவரில் சாய்ந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணி கட்டிலின் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அம்மா அவர் தலைமேல் கையை வைத்து, "இன்னாத்துக்கு அழுவுற. வூட்டுக்குப் போய் இன்னொரு தபா செய். இந்த தபா பதமா துன்றேன்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சமையல்தான். ஷர்லோத்கா என்ற பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. அதைச் சாரதக்கா ஆக்கிவிட்டார். "இன்னிக்கி சாரதக்கா வர்றாங்க" என்று அம்மா சொல்வதைக் கேட்டு, யாரோ விருந்தாளி வருகிறார் என்று நினைத்துக் காத்திருந்தவர்கள் உங்களிலேயே சிலர் உண்டு. அண்ணிக்கு இரண்டு பிரசவமும் அம்மாதான் பார்த்தார். அண்ணியின் புத்தகத் தமிழும் மெல்லப் போய், அவரும் 'இன்னா' என்று பேசத் தொடங்கினார். இதையெல்லாம் எழுதலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். நான் பேசினதையும் சேர்த்து எழுது, நான் ஒன்றும் பொய் பேசவில்லை, பயத்தில் பேசினேன் என்றார். அவர் வீட்டிலும் இப்போது ஆப்பிள் காலத்தில் அந்தப் பண்டம் உண்டு.

கடைசி ஆண்டில் அம்மாவின் இதயம் பலவீனமானது. அப்போது அண்ணி தன் ஊரில் இருந்தார். அவருடைய அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தன் உடல்நிலையை அண்ணிக்குத் தெரிவிக்கக் கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். "அதுவும் அம்மாதான. அங்க இருக்கட்டும்" என்றார். அண்ணனுக்கு மனம் கேட்கவில்லை, தொலைபேசியில் சொல்லிவிட்டார். அதன்பின் நாங்கள் எல்லோரும் பயந்தது ஒன்றுதான், அண்ணி வந்துசேர்வதற்குள் ஏதாவது ஆகிவிடக் கூடாது. ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் காலைப் பேருந்தில் அண்ணி வந்து இறங்கினார். அம்மா அவரைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "உங்கம்மா எப்படி இருக்காங்க?" தேறிவிட்டார், எழுந்து நடக்கிறார் என்று அண்ணி சொன்னார். "அப்ப சரி" என்றார் அம்மா. அண்ணி ஊட்டிய ரசஞ்சோற்றைச் சாப்பிட்டார். அந்த வாரத்திலேயே, ஒரு பிற்பகல் தூக்கத்தில், எந்த வலியும் இல்லாமல் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருந்தோம்.

அன்று ஜீப் ஓட்டிய பாய்க்கும், மரத்தை வெட்டி வழிவிட்ட மலைக்காரர்களுக்கும், திருப்பத்தூர் மருத்துவருக்கும், இரவு பகல் பாராமல் தங்கையைப் பார்த்துக்கொண்ட பெரியம்மாவுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நான் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே சொல்லவில்லை.

இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். தேறிவிட்டார் என்று அண்ணி அம்மாவிடம் சொன்னது முழு உண்மை இல்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த அம்மா அப்போது படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, உன் மாமியாரிடம் போ என்று மகளை அவர்தான் அனுப்பிவைத்திருக்கிறார். இன்று உண்மையாகவே நலமாக இருக்கிறார், தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கிறார் என்று சென்ற வாரம் செய்தி வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. அடுத்த மாதம் போகும்போது இந்தப் பக்கங்களை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் மொழியில் படித்துக்காட்டுவதாக அண்ணி சொல்லியிருக்கிறார். அம்மா, எங்கள் அம்மாவிடம் உங்கள் மகளை நேரத்துக்கு அனுப்பினீர்கள். நன்றி.