பூட்டிய டிஸ்பென்சரியிலிருந்து வந்த அழைப்பு

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். இந்தப் பக்கம் அங்கங்கே சின்ன மருத்துவமனைகள் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். ஆழ்வார்குறிச்சியில் ஒன்று, ராதாபுரத்தில் ஒன்று, இப்படி. அங்கே நர்ஸ் நோயாளியின் விவரத்தைத் தட்டினால் அது நெட் வழியாக வந்து எங்கள் சர்வரில் உள்ள டேட்டாபேஸில் சேரும். அந்தக் கம்ப்யூட்டருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நடக்கும் பேச்சுவார்த்தையைக் கவனிப்பது என் பொறுப்பு.

காலையில் போனதும் எந்தெந்த ஊர் சர்வரோடு சேர்ந்திருக்கிறது என்று திரையில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கப் போவேன். சேராமல் பாதியில் அறுந்துபோகும் அழைப்புகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதை நான் திறப்பதே இல்லை. ஏதோ தேடி அதைத் திறந்த ஒரு நாளில்தான் மலைமேல் டிஸ்பென்சரியின் அடையாளம் அதில் இருப்பதைக் கண்டேன்.

மாஞ்சோலைக்கும் மேலே, பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது அந்த டிஸ்பென்சரி. தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் நான் பிறந்து வளர்ந்த வீடு அதற்கு எதிர்ச் சரிவில். அம்மா தேயிலை பறித்தாள், அப்பா பாக்டரியில் இருந்தார். கம்பெனி எஸ்டேட்டை மூடியதும் ஜனங்கள் கீழே இறங்கிவிட்டார்கள். அம்மாவையும் நான் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொண்டேன். டிஸ்பென்சரியைப் பூட்டி, அங்கிருந்த நர்ஸை ராதாபுரத்துக்கு மாற்றியும் வெகுநாள் ஆகியிருந்தது.

ஆனால் அங்கிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. இணைப்பு வரும். முதல் வணக்கம் மாதிரி ஒரு வரி வரும். இனிப் பேசப்போவதை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்துக்கொள்வோம் என்று சர்வர் பதில் சொல்லும். அந்த இடத்தில் அறுந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே இணைப்பு, அதே வரி. சாயங்காலம்வரை இப்படியே நடந்து நின்றுபோகும். மறுநாள் காலையில் திரும்பவும் தொடங்கும்.

ஆபீஸை நடத்துகிறவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"அங்கனதான் ஆளே இல்லல்லா? பொறவு எவன் கூப்பிடுதான்?"

"தெரியல அண்ணாச்சி."

"நம்ம நர்ஸம்மாட்ட கேட்டுப் பாரும்மா. மெஷின அப்படியே விட்டுட்டு வந்துட்டாவளோ என்னமோ."

ராதாபுரத்துக்குப் போன் போட்டேன். நர்ஸ் கொஞ்சம் கோபப்பட்டார். "என் கையாலதான் சுவிட்ச அணைச்சேன். ரெண்டு தடவ பாத்தேன். பூட்டி, சாவிய நிலைக்கு மேல வச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "நெசமாவே அங்கேருந்தா வருது?"

அன்று வீட்டில் சாப்பிடும்போது இதை அம்மாவிடம் சொன்னேன். ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். அம்மா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"தெனமுமா கூப்பிடுது?"

"தெனமும்தான்."

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. சொல்ல வந்து பாதியில நின்னுபோவுது."

அதற்கப்புறம் அம்மா சாப்பிடவில்லை. வெறுமனே சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த வேடிக்கை போய்விட்டது. தனியாக இருக்கும்போது அந்த வரி திரையில் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடத் தோன்றும். என் ஊர் அது. அங்கே யாரெல்லாம் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் கீழே இறங்காதவர்கள் மண்ணுக்குள் இருப்பவர்கள் மட்டுமே. அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்.

அந்தக் கோளாறை ஆபீஸில் வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே நிரல் மற்ற ஊர்களில் ஒழுங்காக ஓடியது. எங்கள் சோதனை மெஷினிலும் ஓடியது. "நீ போயி அந்த மெஷின எடுத்துட்டு வந்துரும்மா. அனுப்பாம ஏதாச்சும் பதிவு கெடந்தா அதையும் எறக்கிரு" என்றார் அண்ணாச்சி. வனத்துறையிடம் சொல்லி அனுமதியும் வாங்கிக் கொடுத்தார்.

புறப்படுகிற அன்று அம்மா எனக்கு முன்னால் குளித்துச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். வருகிறாயா என்று நான் கேட்கவே இல்லை.

கல்லிடைக்குறிச்சி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பஸ்ஸில் எங்களையும் சேர்த்து ஐந்தாறு பேர்தான் மிச்சம். "மேல ஆரு இருக்கா ஒங்களுக்கு?" என்று கண்டக்டர் கேட்டார். ஆபீஸ் வேலை என்று நான் சொன்னேன். மணிமுத்தாறு அணை கீழே போய் மறைந்ததும் ஜன்னலில் குளிர் அடித்தது. அம்மா சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

இறங்கிய இடத்தில் சத்தமே இல்லை. முன்பெல்லாம் பஸ் நின்றாலே நாய்கள் ஓடிவரும். தேயிலைச் செடிகள் வெட்டாமல் ஆள் உயரத்துக்கு மரமாக எழுந்து நின்றன. லைன் வீடுகளில் சிலவற்றுக்குக் கதவே இல்லை. ஒரு வீட்டுச் சுவரில் மட்டும் மஞ்சளும் குங்குமமும் வைத்த இடம் மழையில் கலையாமல் இருந்தது. அது யார் வீடு என்று எனக்கு உடனே நினைவு வரவில்லை.

வனத்துறை காவலுக்கு வைத்திருந்த பெரியவர் ஒருவர் பஸ் சத்தம் கேட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"நான் கிட்டயே போகதில்ல தாயி. ராத்திரி கரண்ட நிறுத்திருவாவ. காலம்பற விட்டதும் அந்தக் கண்ணாடில வெளிச்சம் வரும். அணையும். பொறவும் வரும். உள்ள ஆரோ நடமாடுத மாதிரியே இருக்கும்."

"போயி பாத்தீயளா?"

"நான் என்னத்துக்குப் பாக்கேன்?" என்றார். பஸ் நிற்கும் இடத்தோடு அவர் நின்றுகொண்டார்.

பனி மூட்டத்துக்குள் டிஸ்பென்சரியின் ஜன்னல் வெள்ளையாக ஒருமுறை ஒளிர்ந்து இருண்டது. நாங்கள் நடக்க நடக்க மறுபடி ஒளிர்ந்தது. அந்த வெளிச்சம் என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். கரண்ட் வந்தால் மெஷின் தானே எழுந்துகொள்ளும்; எங்கள் நிரல் செத்துப்போனால் தானாகவே மறுபடி தொடங்கும்படி எழுதியிருந்தது நானே. தொடங்கும்போது ஒரு வெள்ளைத் திரை வரும். இத்தனையும் தெரிந்திருந்தும் நிலைக்கு மேலே கையை விட்டுச் சாவியைத் தேடும்போது ஒருமுறை திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா உள்ளே வரவில்லை. வாசல் பெஞ்சில், சுவரோரமாக, தன் முறைக்குக் காத்திருக்கிறவளைப் போல உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே மருந்து வாடை இன்னும் இருந்தது. மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் நெட் டாங்கிள். அந்தப் பக்கம் ஓர் இரும்புக் கட்டில். கீழே கொண்டுபோக வரச்சொன்ன வண்டி வருவதற்குள் அப்பாவின் உயிர் போனது அந்தக் கட்டிலில்தான். அதற்கு முதுகு காட்டி உட்கார மனமில்லாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். திரை ஒளிர்ந்தது. அணைந்தது.

சுவரில் மெஷினின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் பொய் சொல்கிறவர் அல்ல.

கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. பேச்சை மறைத்து அனுப்புவதற்கென்று ஒரு லைப்ரரி உண்டு. யார் பயன்படுத்தினாலும் அதை முதலில் துவக்கி வைக்க வேண்டும். டேட்டாபேஸோடு பேச நாங்கள் வைத்திருக்கும் இடைமுகம், கேட்காமலே அந்த வேலையைத் தானே செய்துவிடும். ஜனங்கள் மலையிறங்கிக்கொண்டிருந்த சமயத்தில், மருந்துச்சீட்டைப் படமெடுத்து அனுப்ப நிரலில் ஒரு புதுப் பகுதி சேர்த்தோம். அதுவும் தன் பங்குக்கு அதே லைப்ரரியைத் துவக்கும். மற்ற ஊர்களில் இருப்பது புது லைப்ரரி, எத்தனை பேர் துவக்கினாலும் ஒருமுறைதான் துவங்கும். இந்த மெஷினில் இருந்தது மிகப் பழையது. ஒருவர் உள்ளே போட்டுவைத்த பூட்டை எடுத்துவிட்டு அடுத்தவர் தன் பூட்டைப் போடுவார். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் ஓடும்போது எந்தப் பூட்டு யாருடையது என்று தெரியாமல் நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

இதற்கு மருந்து ஒரே வரி. முதல் இணைப்புக்கு முன்னால் இடைமுகத்திடம், 'லைப்ரரியைத் துவக்கியாயிற்று, நீ தொடாதே' என்று சொல்லிவிட வேண்டும். இணைப்பு தொடங்கிய பிறகு சொன்னால் பயனில்லை. லேப்டாப்பில் அந்த வரியைச் சேர்த்து, நிரலைப் புதிதாக உருவாக்கி, பென்டிரைவில் ஏற்றி மெஷினில் போட்டேன். வெள்ளைத் திரை வந்தது. இந்த முறை அணையவில்லை. மேலேயே தங்கிக் கிடந்த கடைசி நாட்களின் பதிவுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

வெளியே வந்தேன். "சரியாயிட்டும்மா" என்றேன். அம்மா தலையாட்டினாள்.

"ஆனா நர்ஸம்மா சுவிட்ச அணைச்சிட்டுதான் வந்தேங்காவ. ஆரு வந்து போட்டாவன்னுதான் தெரியல."

அம்மா பாக்டரி இருந்த பக்கம் பார்த்தபடி பேசினாள்.

"நாந்தான் போட்டேன்."

நான் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"நாம எறங்கின அன்னைக்கு. சாமானெல்லாம் ஏத்தி நீ வண்டில உக்காந்துட்ட. இந்தா வாறேன்னுட்டு வந்தேம்லா, அப்போ."

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவை அடக்கம் செய்த இடத்துக்குத்தான் போகிறாள் என்று நினைத்து நான் கூடப் போகவில்லை. கொஞ்ச நேரம் அவள் அழட்டும் என்று விட்டுவிட்டேன். பாதமெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்து வண்டியில் ஏறினாள்.

"எதுக்கும்மா?"

"ஒவ்வொரு வீடா வெளக்கு அணைஞ்சிட்டே வந்திச்சிட்டி. கடைசில நம்ம வீட்டையும் அணைச்சாச்சு. ஒங்கப்பா படுத்திருந்த எடம் இது. இருட்டுல எப்படி விட்டுட்டு வாறது? நர்ஸம்மா சாவி வைக்க எடம் எனக்குத் தெரியும், தொறந்து வெளக்கத்தான் போட்டேன். கூட இன்னொரு சுவிட்சும் இருந்திச்சு, அதையும் சேத்துப் போட்டேன். வெளக்கு எப்பவோ பியூஸ் போயிருக்கும் போல."

பெஞ்சைக் கையால் தடவிவிட்டுச் சொன்னாள்: "அவிய போன பொறவு நான் தெனமும் இங்கன வந்து உக்காருவேன். நோவு ஒண்ணும் கெடையாது. நர்ஸம்மா ஒண்ணும் கேக்க மாட்டாவ."

நான் பாளையங்கோட்டையிலிருந்து தவறாமல் போன் பண்ணிக்கொண்டிருந்த காலம் அது. இப்போதுதான் வேலையிலிருந்து வந்தேன், சாப்பிட்டேன், படுக்கப்போகிறேன் என்றுதான் சொல்வாள். இந்தப் பெஞ்சைப் பற்றி அவள் சொன்னதே இல்லை.

உள்ளே போய் மெஷினை அணைத்தேன். ஒயர்களைக் கழற்றிச் சுற்றினேன். மெஷினுக்குள் ஓடிய விசிறி நின்றதும் அந்த அறையில் வந்த அமைதி என் காதை அடைத்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்வாளோ என்று எதிர்பார்த்தேன். அவளோ கீபோர்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு பைய நடந்தாள்.

பூட்டிவிட்டுத் திரும்பும்போது, "அப்பா இருக்க எடத்துக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்டேன்.

"காடு மூடிருக்கும். அட்ட கடிக்கும். அங்கன என்ன இருக்கு?" என்றாள். பஸ் வரும்வரை அவள் டிஸ்பென்சரி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பனிதான் தெரிந்தது.

அந்தப் பழைய மெஷினை ஆபீஸ் மூலையில் வைத்திருக்கிறோம். அந்த ஒற்றை வரியை எல்லா ஊர்களின் நிரலிலும் சேர்த்துவிட்டேன், பழைய கம்ப்யூட்டர் இன்னும் எங்காவது இருந்தால் ஆகும் என்று. மலையின் பெயரைத் திரையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார் அண்ணாச்சி. எடுத்துவிட்டேன்.

அம்மா மலையைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. சில காலைகளில், நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்போது, பின்னால் வந்து நின்று, "இப்போ ஆரும் கூப்பிடுதாவளா?" என்று மட்டும் கேட்பாள். இல்லை என்பேன். போய்விடுவாள்.

ஒருநாள் வேலை மும்முரத்தில் கேள்வி காதில் சரியாக விழாமல், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். யார் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். முகம் கழுவி, தலை வாரி, மலைக்குப் போன அன்று கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.