ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டு கட்சி

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் இருக்கும் எங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்குள் அந்த உறை வந்து கிடந்த அன்று, என் கணவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க ஊர்ல ஆளே இல்லாட்டியும் ஓட்டு விழும். உங்க ஊர்ல ஆளைத் தேடி ஓட்டு அமெரிக்கா வரைக்கும் வருதே!" என்றார்.

அவர் திருச்சிக்காரர். நான் மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்து சின்ன ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். உறைக்குள் இருந்தது எங்கள் ஊர்ச் சட்டமன்றத் தொகுதிக்கான தபால் ஓட்டுச் சீட்டு. வாக்களிப்புக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் ஆடி அசைந்து வந்து சேர்ந்திருந்தது. திருப்பித் தபாலில் போட்டால், ஜெயித்தவர் மாலை போட்டு ஊர்வலம் போன பிறகுதான் போய்ச் சேரும். எனக்கு வந்த ஆத்திரத்தில் தபால் பெட்டியை ஓங்கி அறைந்து மூடினேன். அது என் கடைசி ஓட்டு. மறு மாதம் அமெரிக்கக் குடியுரிமைப் பிரமாணம் எடுக்க எனக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். மலேசியா இரட்டைக் குடியுரிமை தராது. இந்த ஊர்க் குடிமகளாகிவிட்டால் அந்த ஊர் ஓட்டு போனது போனதுதான்.

ஒரு ஓட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியாது.

அப்பா ஒரு கட்சி, அம்மா அதற்கு நேர் எதிர்க் கட்சி. எந்தெந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நான் சொல்லப் போனால், எவர் பெயரை முதலில் சொன்னேன் என்று அதற்கும் ஒரு சண்டை வரும். தேர்தல் அறிவித்த மறுநாள் அப்பா முன்பக்கக் கேட்டில் தன் கட்சிக் கொடியைக் கட்டுவார். அம்மா பின்பக்கம் துணி காயப்போடும் கம்பியில் தன் கட்சிக் கொடியை கிளிப் போட்டு மாட்டுவாள். அப்பாவின் கைலிக்குப் பக்கத்திலேயே அது ஆடிக்கொண்டிருக்கும். தேர்தல் முடியும்வரை கைலியை வேறு இடத்தில் காயப்போடச் சொல்லி அப்பா தினமும் கத்துவார்.

எனக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் அந்த நாட்கள் திருவிழாதான். தேர்தல் கூட்டத்தை அங்கே செராமா என்போம். திடலில் விளக்குப் போட்டு, மூன்று மொழியில் பேசுவார்கள். சீன மொழியில் பேசும்போது எதற்கென்றே தெரியாமல் நாங்களும் கை தட்டுவோம். ஒரு கட்சியின் கூடாரத்தில் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு, அடுத்த கட்சியின் கூடாரத்தில் போய் மீகூன் என்கிற அரிசிச் சேமியாப் பொட்டலம் வாங்கித் தின்று, சிவப்பு சிராப் தண்ணீரும் வாங்கிக் குடிப்போம். யாரும் விரட்டியதில்லை. அந்த சிராப்பின் தித்திப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. இங்கே அதே பாட்டிலை வாங்கிக் கலந்து பார்த்தேன், வரவில்லை.

வாக்களிப்பு அன்று காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டை, அம்மா நல்ல சேலை. இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் தமிழ்ப்பள்ளிக்குப் போய், ஆளுக்கொரு கட்சிக்குக் குத்திவிட்டு, திரும்பும் வழியில் ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்ததும் நான் கேட்டேன்: "ரெண்டு ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போயிடுதே. பேசாம ரெண்டு பேரும் வீட்டுலயே இருக்கலாமே?"

"நான் போகலன்னா உங்கம்மா மட்டும் போய்ப் போட்டுட்டு வந்துடுவா," என்றார் அப்பா.

ஒரு தேர்தலில் விடியற்காலையிலிருந்தே கொட்டோ கொட்டென்று மழை. அன்றைக்குத்தான் என் யோசனைக்கு மரியாதை வந்தது. இரண்டு பேரும் போவதில்லை என்று ஒப்பந்தம். அப்பா மறுபடி படுத்துவிட்டார். அம்மா குழம்புக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அப்பா எழுந்து, பேப்பர் வாங்கி வருகிறேன் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் அம்மா, பக்கத்து வீட்டில் தேங்காய் கேட்டு வருகிறேன் என்று குடையை எடுத்தாள். பள்ளிக்கூட வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். வீடு திரும்பியபோது இருவரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். பேப்பரும் இல்லை, தேங்காயும் இல்லை. "உங்கம்மாள நம்பினேன் பாரு!" என்று அப்பா சொல்ல, அம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அப்படிச் சிரித்தாள். சாயங்காலம் வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா போய்விட்டார். அதன் பிறகு வந்த முதல் தேர்தல் இது. ஓட்டுச் சீட்டு வந்துவிட்டது என்று சொல்ல அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இந்தத் தடவ நீ அப்பா கட்சிக்குப் போடு," என்றாள்.

"நான் ஏம்மா போடணும்? எனக்கு அந்தக் கட்சியக் கண்டாலே ஆகாதுன்னு உனக்குத் தெரியும்."

"எனக்கு மட்டும் ஆகுமா? அவரு இல்லாம என் ஓட்டு மட்டும் தனியாப் போய் விழறது என்னமோ மாதிரி இருக்கு. நீ போட்டா சமமாப் போயிடும்."

"ஓட்டு என்ன அப்பாவுக்கு வைக்கிற படையலா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். கேட்டது சரிதான். ஆனால் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அதற்குள் இன்னொரு தலைவலி. ஓட்டுச் சீட்டோடு வரும் தாளில் ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும், அவர் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். பிஸ்கட்டவேயில் தடுக்கி விழுந்தால் தமிழர் வீடுதான். அத்தனை பேரிடமும் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட், இல்லாவிட்டால் அமெரிக்கப் பாஸ்போர்ட். "நான் சைன் பண்றேன் அக்கா, யாரு செக் பண்ணப் போறா?" என்று பாசத்தோடு வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

"மலேசியா போறவங்க யாராவது இருக்காங்களான்னு உங்க ஊர்க்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுப் பாரேன்," என்றார் என் கணவர். போட்டேன். பக்கத்தில் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து ஒரு சீன ஆண்ட்டி பதில் போட்டார். எங்கள் மாநிலத்துச் செரம்பான்காரர். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு மறுநாள் விமானம் ஏறுகிறார். சாட்சிக் கையெழுத்தும் போடுவார், ஓட்டையும் கையோடு கொண்டுபோய்த் தேர்தல் அதிகாரியிடம் சேர்ப்பார். முன்பின் தெரியாத ஒருத்தி ஓட்டை இன்னொருத்தி பயணப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போவது எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெளிநாட்டில் பழகிப்போன விஷயம். அதைப் படித்ததும் ஊரே என் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

இந்திய மளிகைக் கடையின் பார்க்கிங்கில் சந்தித்தோம். ஆண்ட்டிக்கு அங்கே கறிவேப்பிலை வாங்க வேண்டுமாம். இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொண்டோம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து தானாக எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா' ஒன்று வந்து விழுந்தது. காரின் முன்சீட்டில் உட்கார்ந்து சீட்டை விரித்தேன். "நான் பார்க்க மாட்டேன் லா," என்று ஆண்ட்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா கட்சிச் சின்னம் மேலே, அம்மா கட்சிச் சின்னம் கீழே. பேனா அப்பாவின் சின்னத்துக்கு நேராகப் போய் நின்றது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். என் மேல் பாசம் வைத்து எவனாவது என் கட்சிக்குப் போட்டால் அவனை உதைப்பேன் என்பார். அவர் அப்படித்தான். என் புத்திக்குச் சரியென்று பட்ட கீழ்ச் சின்னத்தில் குறியைப் போட்டு, உறையை ஒட்டி, ஆண்ட்டியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தேன். வாக்களிப்புக்கு முன்னாலேயே, அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன் என்று ஆண்ட்டி செய்தி அனுப்பிவிட்டார்.

இங்கே வெள்ளிக்கிழமை இரவு, அங்கே சனிக்கிழமை காலை, வாக்களிப்பு நாள். தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா வீடியோ காலில் வந்தாள். மை வைத்த விரலைத் திரையில் ஒட்டிவைத்துக் காட்டினாள்.

"அப்பா கட்சிக்குப் போட்டுட்டேன்," என்றாள்.

கரண்டி என் கையிலேயே நின்றது.

"நீதான் போடமாட்டேன்னுட்டியே. காலம் பூரா நான் எதுத்துப் போட்டே அந்த மனுசன் ஓட்டைச் செல்லாம ஆக்கிட்டேன். ஒரு தடவையாவது செல்லட்டும்னு போட்டேன்."

"அம்மா… நான் உன் கட்சிக்குப் போட்டு அனுப்பிட்டேனேம்மா."

விரல் திரையை விட்டு இறங்கியது. பிறகு அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். "அடிப்பாவி, இந்தத் தடவையும் கழிச்சுட்டியா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை, நானும் அழுதுகொண்டிருந்தேன். தோசை கருகிவிட்டது.

ஜெயித்தவர் நிறைய ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்கள் இரண்டு பேரைக் கேட்டு அவர் ஒன்றும் ஜெயிக்கவில்லை.

மறு மாதம் நுவர்க்கில் பிரமாணம் எடுத்தேன். அரங்கத்து வாசலிலேயே ஒரு பெண்மணி மேஜை போட்டு, புதுக் குடிமக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். நானும் பதிந்துவிட்டுக் காரில் ஏறினேன். என் கணவர் முன்பே சிட்டிசன் ஆனவர். இங்கேயும் ஸ்டேட் அசெம்ப்ளிக்கு டிஸ்ட்ரிக்ட் உண்டு, நம் டிஸ்ட்ரிக்ட் இது, அது இவ்வளவு தூரம் வரும் என்று ஃப்ரீவே ஏறும்வரை எனக்குப் பாடம் நடத்தினார்.

"நீங்க யாருக்குப் போடுவீங்க?" என்று கேட்டேன்.

சொன்னார்.

"அப்ப நான் மத்த கட்சி."

"அவங்க பாலிசி என்னன்னாவது தெரியுமா உனக்கு?"

"அதெல்லாம் அப்புறம் படிச்சுக்கறேன்," என்றேன். "எதுத்துப் போட எனக்கு நீங்க இருக்கீங்க. இப்போதைக்கு அது போதும்."