தட்டில் முளைக்காதவை

அறுபதுகளின் நடுவில் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். குடியிருந்தது சிதம்பரத்தில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். இடையில், நோயாளிகளின் மலத்தைக் கண்ணாடித் தட்டில் தடவி, மறுநாள் என்ன கிருமி முளைத்திருக்கிறது என்று பார்ப்பது. இந்த வேலையைக் கேட்டே இரண்டு மூன்று வரன்கள் திரும்பிப் போயின. முகம் சுளிக்காமல் கட்டிக்கொண்டவர் தபாலாபீஸ் குமாஸ்தா.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு டைபாய்டு வந்தது. மாத்திரை கொடுத்தார்கள், ஜுரம் இறங்கியது. ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. சிதம்பரத்து டாக்டர் மறுபடி மாத்திரை எழுதினார். இன்னும் மோசமாயிற்று. சட்டை தோளில் தொங்கியது. நான் வேலையிலிருந்து வந்து துணி அலசி, கஞ்சி வைத்து, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் போவேன்.

ஒருநாள் அவருடைய மலத்தையே சீசாவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"மடியில என்னம்மா, இவ்ளோ பத்திரமா?" என்றார் கண்டக்டர்.

"மருந்துங்க" என்றேன்.

மறுநாள் தட்டைத் திறந்தால், வழக்கமாக யாருடையதிலும் நெருக்கியடித்து நிற்கும் குடல் கிருமிகளின் சிவப்புப் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. புளித்த மாவு வாசனையோடு வெள்ளையாகப் பூஞ்சைக் காளான் மட்டும் படர்ந்திருந்தது. லேப் டாக்டரிடம் காட்டினேன்.

"டைபாய்டு கிருமி போயிடுச்சு. ஆனா இருக்க வேண்டியதும் இல்லியேம்மா. மாத்திரைக்கு நல்லது கெட்டது தெரியாது, எல்லாத்தையும் வாரிட்டுப் போயிடும்."

"எல்லாருக்கும் இருக்கறது இவருக்கு மட்டும் திரும்பி வராதா சார்?"

"வரும். மாத்திரைய நிறுத்தச் சொல்லி அந்த டாக்டர்கிட்ட நான் பேசறேன். மோரும் சோறும் குடு."

"எது எது வரணும்னு பாத்து சொல்ல முடியாதா?"

அவர் மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். "இதுல பாத்தா கூட்டமா தெரியுது, தட்டுல பாதிகூட மொளைக்கிறதில்ல. காத்து பட்டாலே செத்துப் போற ஜாதி. உள்ள என்னா வேல செய்யுதுன்னு இன்னும் யாருக்கும் சரியா தெரியாதும்மா."

எத்தனையோ தட்டுகள் பார்த்திருக்கிறேன். முளைக்காததைப் பற்றி அதுவரை நினைத்ததில்லை. நினைக்கவும் அன்று தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர், "அப்ப வயித்துல குடியிருந்தவங்கள எல்லாம் டாக்டருங்க காலி பண்ணி வுட்டுட்டாங்களா?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அதற்குப் பிறகு சட்டென்று எதுவும் மாறிவிடவில்லை. ஒருவாரம் தேறுவார், மறுவாரம் படுப்பார். டாக்டர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். நான் மோர் கடைந்துகொண்டே இருந்தேன். பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது ஒரு காலையில், "இட்லி இருந்தா வைய்யி, பசிக்குது" என்றார். நாலைந்து தின்றார். வயிறு தாங்கியது.

அவர் மறுபடி ஆபீஸ் போன அன்று நான் லீவு சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, பாய்கூட விரிக்காமல், தரையில் படுத்து சாயங்காலம் வரை தூங்கினேன்.