ஸ்பெயின்காரன் வேஷம்

தோஹாவில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கும் மருத்துவமனையில் நர்ஸ்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களில் மூத்த சிஸ்டர் ஒருவர் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது என் எதிரே வந்து உட்கார்ந்தார். ஜூன் மாதம் தங்கள் நாட்டுச் சுதந்திர தினம் வருகிறது, பள்ளிக்கூட ஹால் ஒன்றில் நாடகம் போடுகிறோம், நீங்களும் நடிக்க வேண்டும் என்றார்.

"உங்க நாடகத்துல எனக்கென்ன வேஷம் சிஸ்டர்?"

"ஸ்பெயின்காரன் வேஷம். எங்க ஆளுங்க ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. உங்க பேரைப் பார்த்தேன் கூயா, அதான் கேக்க வந்தேன்."

கூயா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். என் சட்டையில் மாட்டியிருந்த அட்டையில் என் குடும்பப் பெயர் இருந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில், தூத்துக்குடிக் கடற்கரையில், ஞானஸ்நானத்தோடு எங்கள் முன்னோருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். சிஸ்டருடைய பெயரும் அந்த மாதிரிதான். ஸ்பானிய ஆளுநர் ஒருவர் ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் அனுப்பி, குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாராம்.

"அவங்க போயிட்டாங்க. பேரைத் திருப்பிக் கொடுக்க யார்கிட்டப் போறது?" என்று சிரித்தார். எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாலு பேரு முன்னால செபம் சொல்லவே ஒங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிடும். அதுவும் ஸ்பெயின்காரன் ஒங்க நெறத்துலயா இருப்பான்?" எங்கள் ஏழு வயது மகள் மட்டும், எனக்குக் கத்தி உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் நர்ஸ்கள் குடியிருப்பின் சாப்பாட்டு ஹாலில், மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு ஒத்திகை நடந்தது. முந்நூறு வருடத்துக்கு மேல் தங்களை ஆண்ட ஸ்பெயின்காரர்களை எதிர்த்து ரகசியச் சங்கம் வைத்தவர்களின் கதை. பின்கட்டில் கூட்டம் நடக்கும்போது சந்தேகம் வராமலிருக்க, முன்கூடத்தில் பெண்கள் விருந்து வைத்து நடனம் ஆடினார்களாம். வரி கட்டியதற்கான சீட்டு ஒன்று எல்லோரிடமும் இருந்தாக வேண்டும். போராட்டம் தொடங்கியபோது அதைத்தான் எல்லோரும் கிழித்துப் போட்டார்கள். அந்தக் காட்சியில் நடித்தவர்கள் முதல்நாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தயங்கினார்கள். ஐடி கார்டு இல்லாமல் தெருவில் இறங்காதவர்கள் நாங்கள் எல்லோரும். "கிழிங்க, இது வெறும் பேப்பர்" என்றார் சிஸ்டர். அப்புறம் கிழித்தார்கள். அடுத்த வாரம் இன்னும் வேகமாக.

பிரச்சினை முடிவில்தான் வந்தது. கொடி ஏறுகிறது, எல்லோரும் ஆடுகிறார்கள், அவ்வளவுதான் என்று விழாக் குழுத் தலைவர் நினைத்திருந்தார். சிஸ்டர் இன்னொரு காட்சி எழுதிக்கொண்டு வந்தார்.

"பண்டிகை நாள்ல இது எதுக்கு? சனங்க சந்தோஷமா இருக்கத்தானே வர்றாங்க" என்றார் தலைவர்.

"சந்தோஷமா இருக்கட்டும். ஆனா தலைநகரைச் சுத்தி நின்னு சண்டை போட்டது நாம. ஸ்பெயின்காரன் நகரத்தை ஒப்படைச்சது நமக்குத் துணைன்னு வந்த அமெரிக்காக்காரன்கிட்ட. நம்மள உள்ளயே விடல. இங்க பொறந்த பிள்ளைங்களுக்கு இதை யார் சொல்றது?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பெயின்காரன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே தப்புச் செய்தவன்போல நின்றேன். கடைசியில் அவர், "சரி, சுருக்கமா முடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழா அன்று ஹாலில் உட்கார இடமில்லை. கம்பளிக் கோட்டுக்குள் வேர்வை ஓட நான் மேடைக்கு வந்ததும் கூட்டம் கூச்சல் போட்டது. என் மகளும் அவர்களோடு சேர்ந்து கத்தியது எனக்குக் கேட்டது. சீட்டுகள் கிழிந்தன, கொடி ஏறியது, கைதட்டல் அடங்கவே நேரமானது. பிறகு நான் நகரத்தின் சாவியாக ஒரு பெரிய மரச்சாவியோடு வந்தேன். போராளிகள் கை நீட்டினார்கள். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் அவர்களைத் தாண்டி நடந்தேன். மறுபக்கத் திரைக்குப் பின்னாலிருந்து அமெரிக்கச் சிப்பாயின் நீலக்கை ஒன்று நீண்டது. அதில் சாவியை வைத்தேன். நான் உள்ளே போனதும், நகர வாசலாக வைத்திருந்த அட்டைக் கதவு மூடியது.

ஹாலில் சத்தமே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன். விழாவைக் கெடுத்துவிட்டோமோ என்று பயம். இடுக்கு வழியே பார்த்தேன். மூடிய கதவுக்கு முன்னால் சிஸ்டர் தரையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"நாங்க எங்கயும் போகல" என்றார் சிஸ்டர். நாடகத்தின் கடைசி வசனம் அது.

முதலில் எழுந்து நின்றது விழாக் குழுத் தலைவர்தான். அவர் தேசிய கீதத்தைத் தொடங்கினார். நிகழ்ச்சி நிரலில் அது இன்னும் பின்னால் இருந்தது. முழு ஹாலும் எழுந்து பாடியது. கதவுக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நானும் நேராக நின்றேன்.

பிறகு எனக்குத் தட்டு நிறைய நூடுல்ஸ் வைத்தார்கள். சற்று முன் என்னைப் பார்த்துக் கூச்சல் போட்டவர்கள் வரிசையாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தலைவர் சிஸ்டரிடம், "அப்புறம் அமெரிக்காக்காரன் போய் நெஜ விடுதலை வர அரை நூற்றாண்டு ஆச்சே. மிச்சக் கதையை அடுத்த வருஷம் எழுதிடுங்க" என்றார். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நூடுல்ஸ் எடுத்து என் தட்டில் போட்டார்.

காரில் வரும்போது மனைவி கேட்டாள். "நம்ம ஊர்லயுந்தான் வெள்ளக்காரனுக்குப் போட்டியா கப்பல் விட்டாக. இவளுக்கு அது தெரியுமா?"

"கப்பலா? யாரோட கப்பல்?" என்று பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள். அரைகுறைத் தமிழில்தான், ஆனால் தமிழில்.

சொல்லத் தொடங்கினேன். வீடு வந்தும் கதை முடியவில்லை. கார் நின்ற பிறகும் அவள் இறங்க மறுத்துவிட்டாள்.